மருமகளைப் பட்டினி போட்டது நாங்களல்ல, மெயிலின் முதல் வரி

அருகன் துணை

செஞ்சி,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

வல்லம் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி உயர்திரு அப்பாண்டைராஜ் அவர்களுக்கு, செஞ்சி பஜார் பாத்திரக்கடை பார்சுவநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி தர்மவதி, மகன் கோமதேஷ், தங்கள் அருமை மகள் ஜினமதி ஆகிய நால்வரும் நலமாக இருக்கிறோம். இதில் நான்காவது பெயரைத் தாங்கள் தயவுசெய்து இன்னொரு தரம் படிக்க வேண்டும். அங்கே தங்கள் வீட்டாரும், கறவை மாடுகளும், கிணற்றடி வாழையும் நலமாக இருக்க வேண்டுமென்று பகவானை வேண்டுகிறோம்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் தாங்கள் வறுத்த மல்லாட்டைக் கடலைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து "சாப்ட்டியாம்மா" என்று கேட்டதும், அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "இல்ல நைனா, பதினோரு நாளா சாயங்காலச் சாப்பாடே இல்ல" என்று சொன்னதும், தாங்கள் பையைப் போட்டது போட்டபடி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனதும் எங்கள் மனதை விட்டு அகலவில்லை. பொழுது சாய்ந்த பிறகு தாங்களும் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள், நாங்களும் கொடுக்க மாட்டோம், அது சமணரான நம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். எதிர்க்கடை பாண்டுரங்கனுக்குத் தெரியுமா? "இன்னா சார், சம்பந்தி தண்ணி கூட தொடாம போறாரு" என்று அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரப்பிவிட்டான். அதற்கப்புறம் நான் ஒன்பது தடவை போன் போட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. ஜினமதியே போட்டாள், எடுத்தீர்கள், எடுத்து "பக்கத்துல நின்னு சொல்ல வெக்கறாங்களா" என்று கேட்டீர்களாம். அப்போது பக்கத்தில் நான் நின்றது உண்மை, ஆனால் சார்ஜர் தேடிக்கொண்டு நின்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதைக் கேட்டதிலிருந்து தர்மவதி அடுப்பங்கரையில் நின்று அழுகிறாள். ஞாயிறு வருவதற்குள் விஷயம் தங்களுக்குப் புரிந்தாக வேண்டும் என்றுதான் இந்த லெட்டரை எழுதி, நாளைக்கு வல்லம் பஸ்ஸில் கண்டக்டர் வெற்றிவேல் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜினமதிதான் சொன்னாள், "மாமா, எடுத்ததும் விஷயத்தப் போடுங்க, நைனா நாலு வரிக்கு மேல படிக்க மாட்டாரு" என்று. சம்பந்திக்கு எழுதுகிற லெட்டரில் எடுத்த எடுப்பில் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் மரியாதையா? அதனால்தான் முறைப்படி வந்து, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மகள் பார்ப்பது சென்னைக் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே செய்கிறாள், அது தங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று தங்களுக்கும் தெரியாது, போன மாதம் வரை எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கிற சாப்ட்வேர். மொத்தம் பதினெட்டுப் பேர் அங்கங்கே உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு பொது நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதுகிறார்கள். ஒருத்தர் எதையாவது எழுதி முடித்து அந்த நோட்டில் ஏற்றினால் அதற்குப் பேர் கமிட். ஒரு கமிட் போட்டால் உடனே கம்ப்யூட்டரே தானாகப் பதினெட்டுப் பேருக்கும் ஒரு மெயில் அனுப்பிவிடும், இந்த மாதிரி மாத்தியிருக்குது, பாத்துக்கோங்கன்னு. ஜினமதி பொறுப்பு, டாக்டருங்க வர்ற நேரம் சம்பந்தப்பட்ட பக்கம். அடுத்தவங்க பண்ற மாத்தம் அவ பக்கத்துல இடிக்குதான்னு அவதான் பாத்து நிறுத்தணும். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டி ஆஸ்பத்திரிங்களுக்கு அனுப்பிடுவாங்க, அதுக்குள்ள நிறுத்தணும். இந்தப் பதினெட்டுப் பேரும் பகல் பூரா இன்னா பண்றாங்கன்னு தெரியல, அஞ்சு மணி ஆனதும் வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல கமிட்டு மேல கமிட்டா போட்டுத் தள்ளறாங்க. அஞ்சுலேர்ந்து ஆறுக்குள்ள முப்பது மெயிலு, முப்பத்தஞ்சு மெயிலு.

நம்ம வீட்டுச் சாப்பாட்டு நேரமும் அதுதான். இப்ப கார்த்திகை மாசம், பொழுது சீக்கிரம் சாயுது, காலண்டர்ல அஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கான். ஆனா செஞ்சியில காலண்டர் செல்லாது சம்பந்தி. எங்க வீட்டுக்கு மேற்கால கோட்ட மலை நிக்குது, அஞ்சரைக்கெல்லாம் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால போயிடுது. காலண்டர் நேரந்தான் கணக்குன்னு நான் சொல்லிப் பாத்தேன். உங்க பொண்ணு ஒத்துக்கல. "கண்ணுக்குத் தெரியாத சூரியன நம்பி எப்படி மாமா சாப்பிடறது"ன்னு கேட்டா. மேல்சித்தாமூர் மடத்துல பன்னண்டு வயசுல விரதம் எடுத்துக்கிட்ட பொண்ணு, பொண்ணு பாக்க வந்தப்ப நீங்களே பெருமையா சொன்னீங்க, பொழுது சாஞ்சா பச்சத் தண்ணி தொடமாட்டான்னு. உங்க ஊர்ல வீட்டுக்கு மேற்கால வயக்காடு, சூரியன் கடைசி வரைக்கும் தெரியும், அங்க இருந்த வரைக்கும் அவளுக்குப் பத்து நிமிஷம் ஜாஸ்தி இருந்தது. இங்க வந்து அந்தப் பத்து நிமிஷம் போச்சு. மலைய நாங்களா கொண்டாந்து வெச்சோம்?

முப்பது மெயில்ல அவளுக்கு வேண்டியது மூணோ நாலோதான். மத்தத விட்டுட்டு அத மட்டும் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா எது வேண்டியது எது வேண்டாததுன்னு தெரியணுமே. மெயில் வந்தா போன்ல தலைப்பு வரியில முதல் ஏழெட்டு வார்த்தைதான் தெரியுது. அந்த ஏழெட்டு வார்த்தையில இவங்க இன்னா போட்டிருந்தாங்க தெரியுமா? முதல்ல கம்பெனி பேரு. அவங்க கம்பெனி பேரு அவங்களுக்கே தெரியாதா? அப்புறம் திட்டத்தோட பேரு. அப்புறம் "புதிய மாற்றம் சேர்க்கப்பட்டுள்ளது". சேக்கலன்னா எதுக்கு மெயிலு? அப்புறம் நாப்பது எழுத்துல ஒரு நம்பரு, அதுல பாதி நம்பரு பாதி இங்கிலீஷ் எழுத்து, அத மனுஷனாப் பொறந்தவன் படிக்க முடியாது. யாரு மாத்துனாங்க, எத மாத்துனாங்க, எதுக்கு மாத்துனாங்கங்கறது இதுக்கெல்லாம் பின்னால, திரைக்கு வெளிய. அதனால முப்பதையும் ஒண்ணு ஒண்ணாத் திறந்து படிக்கறா. படிச்சு முடிச்சு நிமிந்தா மலைக்குப் பின்னால செவசெவன்னு இருக்குது. சாப்பிடாமலே தட்டக் கவுத்து வெச்சுட்டு எழுந்துடறா. இதுதான் சம்பந்தி பதினோரு நாள் பட்டினி. சனி ஞாயிறு லீவுல நல்லாத்தான் சாப்ட்டா, அத உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டா.

அதுக்கு முந்தி நாங்க சும்மா இருந்தோம்னு நினைக்காதீங்க. தர்மவதி நாலு மணிக்கே சாப்பாடு போட்டுப் பாத்தா. நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அவளுக்கு மீட்டிங். சரின்னு அஞ்சே காலுக்குத் தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி, "நீ மெயிலப் பாரு, நான் ஊட்டறேன்"னு பக்கத்துல நின்னு இட்லிய சாம்பார்ல தோச்சு வாயில வெச்சா. மீட்டிங் முடிஞ்சிடுச்சுன்னு தர்மவதி நினைச்சுட்டா, முடியல. கேமரா ஓடிக்கிட்டு இருந்தது. சென்னையில பதினேழு பேரு திரையில, பக்கவாட்டுலேர்ந்து ஒரு வளையல் போட்ட கை வந்து இட்லி குடுத்துட்டுப் போறதப் பாத்திருக்காங்க. அவங்க மேனேஜரு மணிமொழின்னு ஒரு அம்மா, "அந்தக் கை எங்களுக்கும் வருமா"ன்னு கேட்டாங்களாம். அன்னியிலேர்ந்து தர்மவதி கம்ப்யூட்டர் இருக்கற பக்கமே போறதில்ல, கூடத்துக்கு வர்றதுன்னா கொல்லப்பக்கமா சுத்திக்கிட்டு வர்றா.

அப்புறம் நான் இறங்குனேன். நான் இறங்குனதுதான் பெரிய தப்பு, உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. "நீ சாப்புடும்மா, நான் போன வெச்சிக்கிட்டுத் தலைப்பப் படிக்கறேன், முக்கியமா வந்தா சொல்றேன்"னு எதிர்க்க உக்காந்தேன். மெயில் வர வரப் படிச்சேன். எல்லாம் ஒரே தலைப்பு. கம்பெனி பேரு, திட்டம், புதிய மாற்றம். கம்பெனி பேரு, திட்டம், புதிய மாற்றம். பதினாறு வரைக்கும் எண்ணுனேன், "அதேதாம்மா திரும்பத் திரும்ப வருது, மிஷின் மாட்டிக்கிச்சு போல, நீ சாப்புடு"ன்னு சொன்னேன். என்ன நம்பி முழு அடையும் சாப்ட்டா பாவம். அந்தப் பதினாறுல ஒண்ணு டாக்டர் நேரத்துல கைய வெச்ச கமிட்டு. மறுநாள் காலையில ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில வந்தவங்க எல்லாருக்கும் ஒண்ணாம் நம்பர் டோக்கன். நாப்பது பேரு, நாப்பது பேரும் முதல் ஆளு. யாரும் யாருக்கும் வழி விடல. ஒரு பெரியவரு டோக்கன நர்ஸம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே பத்தரை மணி வரைக்கும் நின்னாராம்.

மேனேஜரம்மா ஜினமதியக் கூப்ட்டு வெச்சுக் கேட்டாங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன், காதுல விழுந்தது. அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், எங்க மாமனாருதான் பாத்தாரு, அவருக்குத் தெரியலன்னு. சொல்லல. "என் கவனக்குறைவு மேடம், இனிமே நானே பாக்கறேன்"னு சொன்னா. அதுக்கப்புறந்தான் நான் எவ்ளோ சொல்லியும் போன எங்கிட்ட குடுக்காம, பசியோட உக்காந்து எல்லாத்தையும் தானே திறந்து படிச்சா. என் பேரக் காட்டிக் குடுக்காததுக்கு அந்தப் பொண்ணு கட்டுன விலைதான் நீங்க கண்ணால பாத்த பட்டினி. கடையில பாத்திரத்த வெச்சுக்கிட்டு நான் தனியா அழுதேன் சம்பந்தி, இதுல எனக்கு வெக்கமே இல்ல.

இப்ப உங்க டம்ளருக்கு வர்றேன். கல்யாணத்துக்கு நீங்க ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் எங்க கடையிலயே வாங்கி, பேரு வெட்டச் சொன்னீங்க. நான் புது சம்பந்தியாச்சே, மரியாத குறையக்கூடாதுன்னு, "வல்லம் பெருமதிப்பிற்குரிய உயர்திரு"ன்னு ஆரம்பிச்சு வெட்டிக்கிட்டே சுத்தி வந்தேன். உயர்திரு முடியறப்ப டம்ளரும் முடிஞ்சிடுச்சு, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டேன். பேருக்கு இடமில்ல. அடியில கவுத்துப் போட்டு, பொடி எழுத்துல உங்க பேர வெட்டுனேன். மண்டபத்துல எல்லாரும் டம்ளரப் பாத்து "யாரு இந்த உயர்திரு"ன்னு கேட்டாங்க, நீங்க மூணு மாசம் எங்கிட்ட சரியாப் பேசல. அன்னிக்கு நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனப்புறம், சனிக்கிழமை காலையில உங்க பொண்ணு அந்த டம்ளர்லதான் பால் குடிச்சிக்கிட்டு இருந்தா. திடீர்னு டம்ளரத் தூக்கிச் சுத்திச் சுத்திப் பாத்தா. அடியத் திருப்பி உங்க பேரப் பாத்தா. பால் மேல கொட்டிக்கிட்டது கூடத் தெரியாம, "மாமா, எங்க மெயிலும் இதே டம்ளர்தான் மாமா"ன்னு கத்துனா.

அதோட ஓடிப்போயி உக்காந்துட்டா. அந்த மெயில் தலைப்ப எழுதி அனுப்பறது ஒரு சின்ன ப்ரோகிராமாம், யாரோ அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதி வெச்சுட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டாராம், அதுக்கப்புறம் அத யாரும் திறந்தே பாக்கலயாம். இவ திறந்தா. ஞாயித்துக்கிழமையும் விடல. கம்பெனி பேரத் தூக்குனா, திட்டத்தோட பேரத் தூக்குனா, அந்த நாப்பது எழுத்து நம்பர மெயிலுக்கு அடியில கொண்டு போயி வெச்சா, உங்க பேர நான் வெச்ச மாதிரி. தலைப்புல முதல்ல எந்தப் பக்கத்துல கைய வெச்சாங்கங்கறது, அடுத்தது இன்னா பண்ணாங்கங்கறது, கடைசில யாரு. அவங்கவங்க பொறுப்புல இருக்கற பக்கம்னா முன்னாடி ஒரு நட்சத்திரம். அவ்ளோதான். நான் முப்பது வருஷமா பேரு வெட்டறேன், பாத்திரம் சின்னதா இருந்தா முதல்ல பேர வெட்டணுங்கற புத்தி எனக்கு வரல, இருவத்தாறு வயசுப் பொண்ணுக்கு வந்துடுச்சு.

திங்கக்கிழமை காலையில மேனேஜரம்மாகிட்ட காட்டுனா. "அஞ்சு வருஷமா இப்படித்தானேம்மா இருக்குது, இப்ப எதுக்கு"ன்னாங்க. இவ விவாதமே பண்ணல. உங்க டம்ளர போட்டோ எடுத்து, ஒரு பக்கம் ஒரு பக்கமா நாலு போட்டோ, கடைசியா அடிப்பக்கம் ஒண்ணு, பதினேழு பேருக்கும் அனுப்பிட்டா. "இந்த டம்ளர யாரு குடுத்தாங்கன்னு கவுக்காம சொல்லுங்க"ன்னு கீழ எழுதுனா. பத்து நிமிஷத்துல ஒத்துக்கிட்டாங்க. உங்க பேரு இப்ப சென்னையில எல்லாருக்கும் தெரியும் சம்பந்தி, அடியில இருந்தாலும்.

ஆனா சாயங்காலம் புதுத் தலைப்பு வர ஆரம்பிச்சதும் ஒரு கூத்து. அந்த "இன்னா பண்ணாங்க"ங்கற வரிய கமிட்டு போடறவங்கதான் எழுதணும். அது இத்தன நாளா திரைக்கு வெளிய இருந்ததுனால யாரும் பாக்கமாட்டாங்கன்னு இஷ்டத்துக்கு எழுதி வெச்சிருக்காங்க. இப்ப எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடுச்சு. ஒருத்தரு "சின்ன மாற்றம்". ஒருத்தரு "திரும்பவும்". பீமாராவ்னு ஒரு பையன் வரிசையா நாலு கமிட்டு, "சரி பண்ணியாச்சு", "இப்ப சரியா இருக்கும்", "இப்பவாவது", நாலாவது வெறும் "ஐயோ". மேனேஜரம்மா "பீமாராவ், இன்னா ஐயோ"ன்னு மீட்டிங்ல கேட்டாங்களாம். செவ்வாக்கிழமையே அவன் "லீவு நாளில் டாக்டர் பெயர் வராமல் நிறுத்தியது"ன்னு அழகா எழுதிட்டான். யாரையும் திட்டாம, யாருக்கும் பாடம் எடுக்காம, தலைப்ப மாத்தியே பதினெட்டுப் பேர ஒழுங்கா எழுத வெச்சுட்டா சம்பந்தி. இத உங்க பொண்ணுன்னு நீங்க சொல்லிக்கிறதுக்கு முன்னாடி எங்க மருமகள்னு நாங்க பஜார் பூரா சொல்லியாச்சு, பாண்டுரங்கனுக்கு ரெண்டு தரம் சொன்னேன்.

திங்கக்கிழமை அஞ்சே காலுக்குத் தட்டு முன்னால உக்காந்தா. போன் பக்கத்துல, திறக்கவே இல்ல, ஓரக்கண்ணால தலைப்பப் பாக்கறதோட சரி. முப்பத்திரண்டு வந்தது, நட்சத்திரம் போட்டது மூணு. ரெண்டு நல்லதுன்னு விட்டா, ஒண்ண இடது கையாலயே நிறுத்துனா. மூணு இட்லி, சுரைக்கா கூட்டு, மோர், எல்லாம் முடிச்சுக் கை கழுவறப்ப மலைக்கு மேல சூரியன் இன்னும் ஒரு விரல் அகலம் இருந்தது. செவ்வாக்கிழமை ரவா உப்புமா, ரெண்டு தரம் வாங்கிப் போட்டுக்கிட்டா. நேத்து உங்க மல்லாட்டைய அரைச்சு சட்டினி பண்ணி தோசைக்கு. கோமதேஷ் திண்டிவனத்துல ஆபீஸ்லயே டிபன் டப்பாவத் திறந்து நேரத்தோட சாப்ட்டுடறான், அவனப் பத்திக் கவலையில்ல. இன்னிக்கு உள்ள அடை வாசன வருது. அதனால எங்க வீட்டுல பொழுதுக்கு முன்னாடி சாப்பிடாத ஆளு ஒருத்தரும் இல்லைங்கறத நான் அடிச்சுச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை காரோட வராதீங்கன்னு நான் சொல்லல, சம்பந்தியா வாங்க, சாப்பிட வாங்க, நாலு மணிக்கே வந்துடுங்க. பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறேங்கற வார்த்த மட்டும் வேணாம். அவ போயிட்டா இந்த வீட்டுல எனக்கு வெளங்கற மாதிரி பேசறதுக்கு ஆளு கிடையாது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும் தெரிவிக்கவும். எல்லாம் வல்ல பகவான் தங்கள் குடும்பத்தையும் எங்கள் குடும்பத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பார்சுவநாதன்.

பி.கு.: மேலே ஒருத்தரும் இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஜினமதி "மாமா, மாமா, மாமா" என்று மூன்று தரம் கூப்பிட்டிருக்கா. இந்த வீட்டுல ஒரு நாளைக்கு நாப்பது தரம் மாமான்னு கூப்பிடறாங்க, கேஸ் வந்தாலும் மாமா, நெட்டு போனாலும் மாமா. "வரேன் வரேன்"னுட்டு எழுதிக்கிட்டே இருந்துட்டேன். மாமாவுக்குப் பின்னாடி "அடை ஆறுது, பொழுது போவுது"ன்னும் சொல்லியிருக்கா, அது மிக்ஸி சத்தத்துல போச்சு. அடைய முன்னாடி போட்டு மாமாவப் பின்னாடி போட்டிருக்கணும், தலைப்பக் கண்டுபிடிச்சவளே மறந்துட்டா. எழுந்து போயி பாக்கறேன், மலைக்குப் பின்னால செவசெவன்னு இருக்குது. காலண்டர்ல இன்னும் எட்டு நிமிஷம் இருக்குதுன்னு சொன்னேன். மாமியாரும் மருமகளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு, என் தட்டக் கவுத்து வெச்சுட்டாங்க. சம்பந்தி, ஞாயித்துக்கிழமை கார் கொண்டு வர்றதுன்னா தாராளமா கொண்டு வாங்க. கூட்டிக்கிட்டுப் போறதுன்னா என்னக் கூட்டிக்கிட்டுப் போங்க, உங்க ஊர்ல பத்து நிமிஷம் ஜாஸ்தி.